ஒறம்பரையை மட்டும் எண்ணியவளுக்கு

இன்று ஆயுத பூஜை. அலுவலகத்துக்குள் பத்தி ஏற்றக் கூடாதாம். புகை பட்டால் கூரையில் இருக்கும் கருவி கத்தும், கட்டடத்தையே காலி செய்யவேண்டி வரும் என்று காவலாளி வந்து சொல்லிவிட்டுப் போனார். சாமிக்கும் கட்டுப்பாடு வந்துவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே, பத்தியை வெளியே மாடிப்படி ஓரம் ஒரு வாழைப்பழத்தில் குத்தி வைத்தேன். காற்று திரும்பியபோது வாசனை உள்ளே வந்தது. சந்தனம், அதற்கு அடியில் லேசாக வெல்லம் கருகினாற்போல ஒன்று. பெட்டியைப் பார்க்கத் தேவையே இல்லை. நம் சாவ்காரின் பத்திதான்.

கூடவே நீயும் வந்துவிட்டாய். முதலில் குரல் வந்தது. "அம்மிணி, சாம்பல் கீபோர்டுல உழுகுது பாரு."

நீ போய் இரண்டு வருடமாகிறது. இதுவரை உனக்கென்று ஒரு கடிதம் எழுதவில்லை. எழுதினால் அழுவேன் என்று பயந்தேன். இன்று பார்த்தால் அழுகை வரவில்லை, சிரிப்புதான் வருகிறது. அதைவிடப் பெருமைதான் அதிகமாக வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள். மைசூர் சரஸ்வதிபுரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடி. நாலு கம்ப்யூட்டர், ஒரு மோடம், ஒரே ஒரு டெலிபோன் லைன். நீயும் நானும் ஒரே வாரத்தில் அங்கே வேலைக்குச் சேர்ந்தோம். நீ ஹனூரிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்தாய். நான் மைசூரிலேயே பிறந்தவள், சேலத்திலிருந்து வந்த கட்டட மேஸ்திரியின் மகள். என் தமிழைக் கேட்டு நீ அடித்த முதல் கிண்டல் இன்னும் நினைவிருக்கிறது. "நீ பேசறது தமிழா, கன்னடமா? இல்ல ரெண்டும் உன்ற வாய்க்குள்ள சண்டை போட்டுக்குதா?" நான் விடுவேனா? "சும்னிரு கணே, சும்மா இருடி, நீ பேசறதே பாதி மாட்டுக்குச் சொல்ற மாதிரிதான் இருக்கு" என்றேன். அன்றைக்கு மத்தியானமே உன் டிபன் பாக்ஸில் இருந்த கொள்ளுப் பருப்பில் பாதி எனக்கு வந்துவிட்டது.

நம் முதலாளியை எல்லோரும் சார் என்போம். இணையதளம் என்றால் என்னவென்றே தெரியாத வியாபாரிகளிடம் போய், "உங்கள் கடையை அமெரிக்காக்காரன் அவன் வீட்டில் உட்கார்ந்தே பார்ப்பான்" என்று சொல்லி வேலை பிடித்து வருவார். அப்படிக் கிடைத்தவர்தான் பத்திக் கம்பெனிக்காரர். ஊரே அவரைச் சாவ்கார் என்று கூப்பிட்டதால் நாமும் அப்படியே கூப்பிட்டோம். சேலத்து வியாபாரிகளோடு பழகிப் பழகி அவருக்குத் தமிழ் நன்றாகவே வரும், நடுநடுவே கன்னடம் எட்டிப்பார்க்கும். தளத்தில் பத்தி வகைகள் போதாதென்று ஒரு பஞ்சாங்கமும் வேண்டும் என்றார். நல்ல நாள் பார்த்துத்தானே பத்தி ஏற்றுகிறார்கள் என்பது அவர் வாதம்.

பஞ்சாங்கத்தை எழுதியது நீ. திதி, நட்சத்திரம் எல்லாம் கணக்குப் போட்டு, எந்த மாதம் கேட்டாலும் அப்போதே பக்கம் தயாரித்துக் கொடுக்கும் நிரல். கீழே 'அடுத்த மாதம்' என்று ஒரு சுட்டி. அழுத்த அழுத்த மாதம் வந்துகொண்டே இருக்கும். "எந்த வருசம் கேட்டாலும் சொல்லும் பாரு" என்று நீ காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாய். சோதித்துப் பார்க்கவேண்டிய நான் அடுத்த தீபாவளி வரை அழுத்திப் பார்த்துவிட்டுச் சரி என்று பாஸ் போட்டேன். அதற்கு ஒரு முடிவு வைக்கவேண்டும் என்று நம் இருவருக்குமே தோன்றவில்லை. பஞ்சாங்கத்தில் போய் யார் முடிவைத் தேடுவார்கள்?

மாதா மாதம் சார் ஒரு வரைபடம் அச்சடித்துச் சாவ்காரிடம் கொடுப்பார். தளத்துக்கு எத்தனை வருகை, அவர் மொழியில் 'ஹிட்ஸ்', வந்தது என்று காட்டும் கம்பிகள். அந்த வருடம் ஆடி கழிந்ததும் கம்பி திடீரென்று கூரையைத் தொட்டது. எல்லாம் பஞ்சாங்கப் பக்கத்துக்கு வந்த கூட்டம். சாவ்கார் பூரித்துப்போய் அந்தக் காகிதத்துக்குச் சட்டம் போட்டு, ஷோரூமில் சாமுண்டி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, மல்லிகைச் சரமும் சுற்றிவிட்டார். நாம் போனபோது அதன் முன்னால் பத்தி எரிந்துகொண்டிருந்தது. நீ என்னைக் கிள்ளினாய். இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே ஓடினோம்.

ஆனால் அந்தக் கம்பி யார் தலையில் விழப்போகிறது என்று அடுத்த வாரம்தான் தெரிந்தது. சாவ்காரின் ஆபீஸுக்குப் போகும் வழியில் பத்தி கட்டும் கூடம் இருக்குமே. வரிசையாக உட்கார்ந்து பெண்கள் பத்திகளைக் கட்டுக்கட்டாக எண்ணிப் பெட்டியில் போடுவார்கள். பாதிப்பேர் நம் தமிழ்க்காரர்கள்தான், கட்டட வேலைக்கு வந்த குடும்பங்கள். அதில் லட்சுமியக்கா எப்போதும் நம்மைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசும். அன்றைக்கு முகம் வாடியிருந்தது.

"தசராவுக்கு அப்புறம் வரவேணாம்னுட்டாங்கம்மா. இந்தக் கூடத்துல அச்சு மிஷின் போடறாங்களாம். வெளிநாட்டுக்காரங்களுக்குப் பஞ்சாங்கம் அடிச்சு அனுப்பப் போறாங்களாம்."

"யாருக்கா சொன்னது, வெளிநாட்டுல பஞ்சாங்கம் கேக்கறாங்கன்னு?" என்று நான் கேட்டேன்.

"உங்க கம்ப்யூட்டர்தாம்மா சொல்லுச்சாமே."

அங்கிருந்து திரும்பினோம். மருந்துக்கடைப் படி ஏறும்போது நீ சொன்னாய். "நாம எண்ணாத கணக்குக்கு நம்ம பேரு போட்டுருக்குது அம்மிணி. எண்ணிப் பாக்கோணும்."

அதுவரை நாம் இருவருமே தளத்துக்கு வருகிறவர்களைக் குறித்துவைக்கும் பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்ததில்லை. சர்வர் அமெரிக்காவில் எங்கேயோ இருந்தது. கோப்பை மோடம் வழியாக இறக்குவதற்குள் உயிர் போய்விடும், நடுவில் யாராவது போன் பண்ணினால் மறுபடி முதலிலிருந்து. நீ டெலிபோன் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தாய். வந்து சேர்ந்த கோப்பில் வரி வரியாக வருகைகள். எந்த முகவரியிலிருந்து, எந்த நேரத்தில், எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள், எந்த பிரவுசர் என்று ஒவ்வொரு வரியும் சொல்லும். நீ திரையை உருட்டிக்கொண்டே போனாய். பஞ்சாங்கம், அடுத்த மாதம். பஞ்சாங்கம், அடுத்த மாதம். ஒரே முகவரி. திடீரென்று நீ வாய்விட்டுச் சிரித்ததில் சார் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏனம்மிணி, இந்த ஆளு ரெண்டாயிரத்து எழுநூத்தி நாப்பத்தொண்ணாம் வருசத்துக்குப் போயிட்டான். அதுவும் மார்கழி! மார்கழில எவனாச்சும் முகூர்த்தம் பாப்பானா?"

அது ஆள் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. தேடுதளங்கள் அனுப்பும் எந்திரம். பக்கத்தில் இருக்கும் சுட்டிகளையெல்லாம் ஒன்றுவிடாமல் தொடர்ந்து போய்ப் படித்துக் குறித்துக்கொண்டு வருவதுதான் அதன் பிழைப்பு. நம் பஞ்சாங்கம் 'அடுத்த மாதம்' என்று கையைக் காட்டியது, அது போயிற்று. மறுபடியும் காட்டியது, மறுபடியும் போயிற்று. ஒருவருக்கும் களைப்பில்லை. அது வைத்த ஒவ்வொரு அடியும் சாவ்காரின் வரைபடத்தில் ஒரு ரசிகராகக் கம்பி ஏறிவிட்டது.

நான் உடனே சாரிடம் ஓடப் பார்த்தேன். நீ கையைப் பிடித்து நிறுத்தினாய். எந்திரம் வந்தது என்று சொன்னால் போதாது, மனுஷர் எத்தனை பேர் என்று கேட்டால் பதில் இருக்கவேண்டும் என்றாய். அதற்காக நீ எழுதிய நிரலுக்கு 'ஒறம்பரை' என்று பேர் வைத்தாய். உங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வரும் உறவுக்காரர்களுக்கும் விருந்தாளிகளுக்கும் அதுதானே பேர்.

முதல் விதி சுலபம். தளத்தின் வாசலில் எந்திரங்களுக்கென்று ஓர் அறிவிப்புக் கோப்பு வைத்திருப்போம், எதைப் படிக்கலாம் எதைப் படிக்கக் கூடாது என்று. "நோட்டீசப் படிச்சிட்டு உள்ள வர்றவன் மனுசன் இல்ல" என்று அதைக் கேட்டவர்களையெல்லாம் கழித்தாய். அடுத்தது, படம் கேட்காதவர்கள். எந்திரத்துக்கு எழுத்து மட்டும் போதும், பத்திப் பெட்டியின் அழகு அதற்கு எதற்கு? அவர்களும் போனார்கள். மிச்சம் நின்றவர்கள் ஒரு கைக்குள் அடங்கும் கூட்டம். முடிந்தது என்று நான் காபிக்குக் கிளம்பிவிட்டேன்.

நீ கிளம்பவில்லை. சாவ்காருக்கு வழக்கமாக மின்னஞ்சல் எழுதிப் பத்தி வாங்கும் வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் இருந்தாரே, அவர் மின்னஞ்சல் வந்த இணைப்பின் முகவரி அந்தக் கூட்டத்தில் இல்லை. தளத்தைப் பார்த்தேன் என்று அதே மாதம் எழுதியிருக்கிறார், கணக்கில் மட்டும் ஆளைக் காணோம். நான் அவருக்கே எழுதிக் கேட்டேன். தன் இணைப்பு மிகவும் மெதுவானது, அதனால் படங்களை நிறுத்திவைத்துவிட்டு எழுத்தை மட்டும் படிப்பேன் என்று பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு நீ தலையில் கைவைத்துக்கொண்டாய். "ஒறம்பரைய வாசல்லயே தொரத்திட்டமே அம்மிணி." ஒரு ஆள் குறைந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று எனக்கு எரிச்சல். உனக்கோ அவரை மறுபடி உள்ளே கூட்டிவரும்வரை சோறு இறங்கவில்லை.

அவரைக் கூட்டிவந்தது உங்கள் மலைக்கடை. மாதேஸ்வரன் மலையில் உன் அப்பா வைத்திருந்த தேங்காய்க் கடையைப் பற்றி நீ அன்றைக்குத்தான் விரிவாகச் சொன்னாய். அமாவாசைக் கூட்டத்தில் எல்லோரும்தான் கடை முன்னால் நகர்வார்கள். ஆனால் அப்பாவுக்குப் பார்த்தவுடன் தெரியுமாம்.

"சாமி கும்புட வந்தவன் நேரா நடக்கமாட்டான். தேங்கா வெலை கேப்பான், உட்டுட்டுப் போவான், பொம்மைகிட்ட நிப்பான், மறுக்கா வருவான். எல்லாக் கடைலயும் ஒரே மாதிரி நின்னு ஒரே மாதிரி நகர்றானே, அவன் கடை ஏலம் எடுக்கறவனோட ஆளு. வெலை பாத்துட்டுப் போக வந்தவன்."

அதையே விதியாக்கினாய். பக்கத்துக்குப் பக்கம் எவ்வளவு நேரம் நின்றார்கள், போன இடத்துக்குத் திரும்பி வந்தார்களா, நடுவில் தயங்கினார்களா. மெதுவான இணைப்புக்காரப் பெண்மணி கோப்புக்குள் தடுமாறித் தடுமாறி நடந்திருந்தார். சந்தனப் பத்திப் பக்கம், அங்கிருந்து செய்முறைப் பக்கம், திரும்பவும் சந்தனம், அப்புறம் நீண்ட நேரம் ஒன்றுமில்லை. "டீ போடப் போயிருக்கறாங்க" என்றாய். அவரை உள்ளே சேர்த்தபோது உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறு எதற்கும் பார்த்ததில்லை.

கடைசியாக இன்னொரு விதி சேர்த்தாய். நம் ஆபீஸிலிருந்தும் சாவ்கார் வீட்டிலிருந்தும் போன வருகைகளையும் நீக்கினாய். "ஊட்டு ஆள ஒறம்பரைக் கணக்குல சேக்கறதில்ல." எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அந்த ஒரு விதிதான் பின்னால் நம்மைக் காப்பாற்றப்போகிறது என்று அப்போது தெரியாது.

சாருக்குப் புது வரைபடத்தைக் காட்டியதும் முகம் சுண்டிப்போயிற்று. பஞ்சாங்கத்துக்கென்றே தனித் தளம் செய்துதர அவர் சாவ்காரிடம் பேசி முடித்திருந்தார். தசரா முடியட்டும், மெதுவாகச் சொல்லலாம், நீங்கள் தலையிடாதீர்கள் என்றார். தசரா முடிந்தால் கூடமும் முடிந்தது. நீ அந்தக் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாய். உன் சம்பளத்தை நம்பி ஹனூரில் அம்மாவும் தம்பிகளும் இருந்தது எனக்குத் தெரியும். "வேலை போனா என்ன கணே பண்ணுவே?" என்று கேட்டேன். "தேங்கா ஒடைப்பேன்" என்றாய். அப்புறம் என்ன, நானும் செருப்பைப் போட்டுக்கொண்டு உன் பின்னால் வந்தேன்.

சாவ்கார் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். பழைய கம்பி கூரையைத் தொட்ட இடத்தில் இப்போது எறும்பு உயரத்துக்கு ஒரு கோடு.

"இதேனம்மா இது? எல்லாரும் எல்லி ஹோதரு? எங்க போனாங்க அத்தனை பேரும்?"

"வரவே இல்லீங். ஒரு மிஷின் தனியா உக்காந்து மாசத்தப் பொரட்டிட்டு இருந்திருக்குதுங்" என்றாய். 2741 மார்கழியையும் காட்டினாய்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் சிவந்துவிட்டது. ஊரெல்லாம் சொல்லியாயிற்று, மிஷினுக்கு ஆள் அனுப்பியாயிற்று, இப்போது வந்து இரண்டு பெண்பிள்ளைகள் ஒன்றுமில்லை என்கிறீர்களா என்று குரல் ஏறியது. அப்படியே சத்தம் போட்டுக்கொண்டு வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"நான் தினம் காலைல ஸ்நானம் முடிச்சு இதை ஓப்பன் பண்ணிப் பாக்கறேனே, அதுவாவது இருக்கா இதுல?"

"அதையுங் கழிச்சாச்சுங்."

"என்னையுமா?"

"ஒறம்பரை வந்தாத்தானுங் எண்ணோணும். நீங்க ஊட்டு ஆளுங்."

சாவ்கார் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு அவர் தொந்தி முதலில் குலுங்கியது, சத்தம் அப்புறம் வந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தார். துடைத்துக்கொண்டு, வாசலுக்கு எதிரே பஸ் ஸ்டாப்பைக் காட்டினார். "மழை வந்தா அந்த ஜனம் பூரா நம்ம ஷாப் ஒளகே வந்து நிக்கும். அதை கஸ்டமர்னு எண்ணினா எங்கப்பா எழுந்து வந்து செருப்பால அடிப்பார். ஆயித்து, போகட்டும். நிஜமா வந்தவங்க எதைப் பார்த்தாங்க, அதைச் சொல்லு."

சந்தனப் பத்தியைப் பார்த்தார்கள் என்று சொன்னாய். அதற்கு அடுத்து, பத்தி கட்டும் கூடத்தின் படம் போட்ட பக்கத்தில் நின்றார்கள் என்று சொன்னாய். அப்படியென்றால் கூடம் இருக்கட்டும் என்று அவர் போனை எடுத்தார். அச்சு மிஷின் வரவில்லை. கீழே இறங்கும்போது லட்சுமியக்காவிடம் நீயே சொன்னாய். அது எழுந்து வந்து, பத்தித்தூள் அப்பிய கையோடு உன் கன்னத்தைப் பிடித்துத் திருஷ்டி கழித்தது. விடுதிக்குப் போகும்வரை நீ அந்தக் கறுப்பைத் துடைக்கவில்லை.

பஞ்சாங்கத் தளம் கைநழுவிப் போனதில் சார் நம்மோடு சரியாகப் பேசவே இல்லை. கார்த்திகை தாண்டியும் உர்ரென்றுதான் இருந்தார். பிறகு பட்டுக்கடைக்காரர் வந்தார், அப்புறம் நஞ்சன்கூட்டிலிருந்து ஒரு தொழிற்சாலைக்காரர். இருவரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "உங்கள் கணக்கை நம்பலாம் என்று சாவ்கார் சொன்னார்." அதற்கு மேல் சாரால் எத்தனை நாள் உர்ரென்று இருக்கமுடியும்? சாவ்கார் ஷோரூமில் பழைய சட்டத்துக்குள் புது வரைபடம் ஏறியிருந்தது. மல்லிகைச் சரம் மட்டும் பழையபடியேதான். சின்னதாக இருந்தாலும் நம்முடையது என்றாராம்.

நீ கல்யாணமாகிக் கொள்ளேகால் போனபிறகும் அந்த நிரல் நம் இருவருக்கும் நடுவில் போய்வந்துகொண்டிருந்தது. இப்போதைய எந்திரங்கள் படமும் கேட்கின்றன. தயங்குவது போல நடிக்கின்றன, திரும்பி வருவது போலவும் நடிக்கின்றன. உன் பழைய விதிகளில் பாதி இன்று செல்லாது. ஆனால் ஒவ்வொரு புது அறிக்கையையும் திறக்கும்போது, அதிகமாக வந்த கம்பியைத்தான் முதலில் சந்தேகப்படுகிறேன். யாரையாவது கழிக்கும்போது, மெதுவான இணைப்புக்காரர் எவரையும் துரத்திவிட்டேனா என்று திரும்பிப் பார்க்கிறேன். இரண்டும் நீ கொடுத்தவை. இத்தனை வருடத்தில் என் கணக்கை ஒருவரும் பொய் என்று சொன்னதில்லை. அதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். அந்த நிமிர்வும் உன்னுடையதுதான்.

உன் காரியத்துக்கு லட்சுமியக்கா வந்திருந்தது. மைசூரிலிருந்து பஸ் ஏறி, கொள்ளேகாலில் நாலு தெரு தப்பான வழியில் சுற்றி, கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்தது. முடியெல்லாம் வெள்ளை. உன் படத்துக்கு முன்னால் நின்றது, நகர்ந்தது, மறுபடி வந்து நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் அப்பா இருந்திருந்தால் பார்த்தவுடன் தெரிந்துகொண்டு எழுந்து தண்ணீர் கொடுத்திருப்பார் என்று தோன்றியது. நான் போய்க் கொடுத்தேன்.

உன் கதையை எழுதி என் அலுவலகத் தளத்தில் ஒரு பக்கம் போட்டிருக்கிறேன். சாவ்காரின் கூடத்தில் லட்சுமியக்காவுக்குப் பக்கத்தில் நீ நிற்கும் படமும் அதில் இருக்கிறது. பத்தி அணைந்ததும் உள்ளே வந்து இந்த மாதக் கணக்கை எடுத்தேன். நோட்டீஸ் படித்தவர்களைக் கழித்தேன். நடிப்பவர்களைத் தேடிப்பிடித்துக் கழித்தேன். ஒரு சிறிய கூட்டம் நின்றது. முகம் தெரியாதவர்கள், தயங்கித் தயங்கிப் படித்தவர்கள், உன் படத்திடம் திரும்பி வந்தவர்கள். எல்லோரும் அசல் ஒறம்பரை.

அவர்களுக்கு நடுவில் தினமும் காலையில் வந்து, எல்லோரையும்விட அதிக நேரம் நின்ற ஒருத்தியும் இருந்தாள். அவளை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். நான் ஊட்டு ஆளு.